கீபோர்டும் டச்பேடும் ஒரே காலையில் நின்றுபோனால் மதர்போர்டு போய்விட்டது என்று பொருளா?

நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றரை வருடமான லேப்டாப். வேளச்சேரி வீட்டில் பகலெல்லாம் சார்ஜரிலேயே கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலை ஆன் செய்தால் விண்டோஸ் வழக்கம்போல வருகிறது, ஆனால் கீபோர்டும் டச்பேடும் இரண்டுமே அசையவில்லை. யூஎஸ்பி மவுஸ் செருகினால் அது ஓடுகிறது. பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு மேடம், 17,500 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மகனுக்கு அடுத்த வாரம் கல்லூரி ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். "என்ன செய்யலாம்?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தக் கடைக்காரர் சொன்னதை நம்பிப் பணத்தைக் கட்டலாமா என்பதுதான். இன்றைக்குக் கட்டாதீர்கள். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் உதவியாளாகச் சேர்ந்து தொழில் கற்றவன். லேப்டாப் சர்வீஸ் டேபிளில் பத்தொன்பது வருடம் ஆகிறது. உங்கள் மெஷின் என் கையில் இல்லை. ஸ்க்ரூ கழற்றாமல் இதுதான் கோளாறு என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அது ஊகம்தான். ஆனால் உங்கள் விவரத்தில் இருந்தே சில விஷயங்கள் உறுதியாகத் தெரிகின்றன. விண்டோஸ் முழுதாக வருகிறது, மவுஸ் ஓடுகிறது என்றால் பிராசசர், ரேம், டிஸ்க், யூஎஸ்பி பகுதி எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பவர் பட்டனும் வேலை செய்கிறது. பல மாடல்களில் பவர் பட்டன் கீபோர்டோடு ஒன்றாகவே வரும், ஸ்ட்ரிப் என்கிற அதே தட்டை ரிப்பன் வயரில்தான் போர்டுக்குப் போகும். உங்களுடையது அப்படி என்றால், அந்த ஸ்ட்ரிப் முழுதாகக் கழன்றுவிடவில்லை என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

அடுத்தது, இரண்டும் ஒரே காலையில் நின்றன என்பது. இரண்டு தனித்தனிப் பாகங்கள் ஒரே ராத்திரியில் தனித்தனிக் காரணத்தால் சாவது மிக அபூர்வம். ஆகவே தேட வேண்டியது, இந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்பதை. இங்கேதான் மதர்போர்டு என்ற பதில் எல்லோருக்கும் சுலபமாக வாயில் வருகிறது. ஆனால் உள்ளே வயர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கீபோர்டின் ஸ்ட்ரிப் போய்ச் சேருவது எம்பெடெட் கன்ட்ரோலர் என்ற சிப்புக்கு. நம்ம ஊர்க் கடைகளில் அதை ஐஓ சிப் என்பார்கள். எந்தச் சாவி அழுத்தப்பட்டது என்று குறுக்கும் நெடுக்குமான கோடுகளில் ஓயாமல் தேடிக்கொண்டிருப்பது அதுதான். அது விண்டோஸிடம் பேசுவது பெரும்பாலான லேப்டாப்களில் இன்றைக்கும் பிஎஸ்2 என்ற பழைய முறையில். 1987இல் ஐபிஎம் வெளியிட்ட கணினி வரிசையின் பெயர் அது. டச்பேடும் ஒரு காலத்தில் அதே பிஎஸ்2 வழியில்தான் வந்தது. அந்தக் காலத்து மெஷின்களில் ஐஓ சிப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். சமீப வருடங்களில் வந்தவற்றில் டச்பேட் பெரும்பாலும் ஐ-டூ-சி என்ற வேறு பாதையில், ஐஓ சிப்பைத் தொடாமலேயே பிராசசர் பக்கம் போய்விடுகிறது. உங்களுடையது மூன்றரை வருட மெஷின். அப்படியானால் போர்டு கோளாறு ஒன்று இரண்டு வேறு பாதைகளையும் ஒரே நேரத்தில் அடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே 3.3 வோல்ட் லைன் போகிற போர்டுகளில் அது நடக்கலாம். ஆனாலும் முதல் சந்தேகம் அதன் மேல் விழக்கூடாது.

உங்கள் கேள்வியின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ரெண்டு மாசமாவே டச்பேட் கிளிக் ஆகாம கெட்டியா இருந்துச்சு, அதைப் பெருசா எடுத்துக்கல." எனக்கு மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கெட்டியாகிப்போன டச்பேடுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது உப்பிய பேட்டரி. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி, கை வைக்கும் பகுதிக்கும் டச்பேடுக்கும் நேர் கீழே படுத்திருக்கிறது. அது இரும்புக் கூட்டுக்குள் இருப்பதில்லை, மெல்லிய அலுமினியப் பைதான். உள்ளே இருக்கிற திரவம் சிதைந்தால் வாயு உண்டாகும், பை பூரி மாதிரி எழும்பும். சூடும், எப்போதும் நூறு சதவீதம் சார்ஜில் வைத்திருப்பதும் இந்தச் சிதைவை வேகப்படுத்துகிற இரண்டு முக்கியக் காரணங்கள். ஏசி போடாத அறை, மே மாத வெயில், நாள் முழுக்கச் சார்ஜர் என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டுமே இருக்கின்றன. பை எழும்பும்போது முதலில் டச்பேடை அடியிலிருந்து முட்டும், அதனால் கிளிக் ஆகாது. அப்புறம் கீபோர்டு தகட்டை வளைக்கும். பல மாடல்களில் டச்பேடின் ஸ்ட்ரிப் பேட்டரியை ஒட்டியே போகிறது. கீபோர்டின் ஸ்ட்ரிப் சொருகுகிற இடமும் அதற்குப் பக்கத்தில் இருக்கும். பாடி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஸ்ட்ரிப் இழுபட்டுக் கனெக்டரில் இருந்து நழுவ அதுவே போதும்.

ஆகவே இதைப் படித்தவுடன் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மூடிய நிலையில் சமமான மேஜை அல்லது தரைமேல் வையுங்கள். நான்கு மூலையையும் ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கால் நொண்டி ஆடுகிறதா? கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பக்கம் வயிறு தள்ளியிருக்கிறதா? மூடி முன்னைப்போல் ஒட்டி மூடவில்லையா? டச்பேடின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேலே எழுந்திருக்கிறதா? இதில் ஒன்று ஆமாம் என்றாலும் திரும்ப ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். கட்டில், மெத்தை, சோபா மேல் வைக்க வேண்டாம். வீக்கம் அடங்கட்டும் என்று மேலே கனமாக எதையும் ஏற்றி வைக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம். குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். டைல்ஸ் தரையில், திரைச்சீலைக்கும் பேப்பருக்கும் தள்ளி வைத்துவிட்டு, காலையில் கடைக்கு எடுத்துப்போய், "பேட்டரியை முதல்ல கழட்டிடுங்க" என்று சொல்லுங்கள்.

திருவான்மியூரில் இருந்து ஒரு ஓய்வு பெற்ற பெரியவர் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு ஒரு கடையில் போர்டு மாற்றச் சொல்லி, அவரும் முன்பணம் கொடுத்துவிட்டு மனசு கேட்காமல் திரும்ப வாங்கி வந்திருந்தார். அடிமூடியைக் கழற்றினேன். கடைசி ஸ்க்ரூ வரும்போதே மூடி தானாக எழுந்தது. பேட்டரியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு ஸ்ட்ரிப்பையும் கழற்றித் துடைத்துத் திரும்பச் சொருகி, சார்ஜரில் மட்டும் ஆன் செய்தேன். இரண்டும் ஓடின. புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன், இன்றைக்கும் அவரிடம் அந்த மெஷின்தான். ஒருவருக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பேட்டரியை எடுத்தும் வராத மெஷின்களும் உண்டு. முட்டிய முட்டில் டச்பேட் விரிசல் விட்டிருக்கும், அல்லது ஸ்ட்ரிப் மடிந்து கோடு அறுந்திருக்கும். அப்போதும்கூட மாற்ற வேண்டியது அந்தப் பாகத்தைத்தான், போர்டை அல்ல.

பேட்டரி சமமாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்து ஒரே ஒரு சோதனை, கோளாறு விண்டோஸில் இருக்கிறதா உடம்பில் இருக்கிறதா என்று பிரித்துக் காட்டிவிடும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே வருகிற பயாஸ் திரையில் உங்கள் கீபோர்டு வேலை செய்கிறதா என்பதுதான் அது. ஆன் செய்தவுடன் டெல், ஏசர், ஆசஸ் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2 சாவியைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். திரை வந்தால், அம்புக்குறிச் சாவிகள் அதில் நகர்ந்தால், கீபோர்டும் ஸ்ட்ரிப்பும் ஐஓ சிப்பும் நன்றாக இருக்கின்றன; பழி விண்டோஸ் மேல். வராவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், தட்டிய நேரம் தவறியிருக்கலாம். மவுஸை வைத்தே அங்கே போக வழி உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெகவரி, அதில் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப். நீலத்திரை வந்ததும் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். அங்கே போய்ச் சேர்ந்ததும் லேப்டாப்பின் சொந்தச் சாவிகளை அழுத்திப் பாருங்கள். டச்பேடை இந்தச் சோதனைக்குச் சேர்க்காதீர்கள். பல மெஷின்களின் பயாஸில் அது நன்றாக இருந்தாலும் ஓடாது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பயாஸில் எதையும் மாற்றாதீர்கள், சேவ் செய்யாமல் வெளியே வாருங்கள். உங்கள் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டில் பூட்டியிருந்தால், சில மாற்றங்களுக்கு அது 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கும். கீபோர்டே ஓடாத மெஷினில் அந்த எண்ணை அடிக்க முடியாமல் திண்டாடிய பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனில் திறந்து முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட், நான் மேலே சொன்ன அந்த நீலத்திரையில் யூஎஸ்பி மவுஸையும் கீபோர்டையும் ஓடவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதமே அதற்கு மருந்து அனுப்பிவிட்டது. உங்கள் மெஷின் வெகுநாளாக அப்டேட் ஆகாமல் அந்த நிலையிலேயே நின்றிருந்தால், நீலத்திரையில் மவுஸ் நின்றுபோனதைப் பார்த்து அதையும் போர்டு கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பயாஸில் சாவிகள் ஓடி விண்டோஸில் ஓடவில்லை என்றால் செலவே இல்லாமல் தீர வாய்ப்பு அதிகம். முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் அல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்று இருக்கிறது. அது இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் உள்நிலையை டிஸ்கில் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்துவரும்; கெட்ட நிலையும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். அடுத்து, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வலது ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்தினால் அது தானாக வந்துவிடும்; அப்புறம் சாதாரணமாகத் தட்டுகிற எழுத்தை மெஷின் கண்டுகொள்ளாது. டச்பேடுக்கு, மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற டிக் இருக்கிறதா, எஃப் வரிசையில் டச்பேட் படம் போட்ட சாவி எப்போதாவது அழுந்தியிருக்குமா என்று பாருங்கள். இதெல்லாம் சரி என்றால் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டு என்ற பகுதியில் இருப்பதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் தானே திரும்ப ஏற்றிக்கொள்ளும். டச்பேடுக்கு லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து சிப்செட், டச்பேட் டிரைவர்களை இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே அமுக்கில் சரிசெய்கிறேன் என்று வருகிற மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். நடுவில் பாஸ்வேர்டு அடிக்க வேண்டி வந்தால், லாகின் திரையில் வலது கீழ் மூலையில் இருக்கிற அக்சஸிபிலிட்டி படத்தைக் கிளிக் செய்தால் திரையிலேயே கீபோர்டு வரும்.

பயாஸிலும் சாவி ஓடவில்லை என்றால், ஒரு ஹார்டு ரீசெட் மட்டும் வீட்டில் செய்யலாம். சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடித்து, விட்டு, சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். ஐஓ சிப் குழம்பி நின்றிருந்தால் இதில் தெளியும். நான் பார்த்ததில் இது சில நேரம் உதவுகிறது, பல நேரம் உதவுவதில்லை. ஆனால் கெடுதல் இல்லை. அதற்கு மேல் மெஷினைத் திறந்துதான் ஆக வேண்டும். முன் அனுபவம் இல்லாமல் நீங்களே திறக்காதீர்கள். ஸ்ட்ரிப்பைப் பிடித்திருக்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பூட்டு நகம் அளவுகூட இருக்காது. அதைத் தூக்கத் தெரியாமல் இழுத்து உடைத்தால், அப்போதுதான் உண்மையிலேயே போர்டில் வேலை வரும்.

திறந்தால் நம்ம ஊர் மெஷின்களுக்குள் என்ன கிடைக்கிறது என்று சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் கடலுக்கு அருகே இருக்கிற வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் போலவே உள்ளே கனெக்டர் முனைகளும் மங்கிப்போகும். ஸ்ட்ரிப்பைக் கழற்றி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பச் சொருகினாலே உயிர் வந்த மெஷின்கள் உண்டு. எறும்பு இன்னொன்று. கீபோர்டு இடுக்கில் முறுக்குத் துகள் போதும், வெதுவெதுப்பான இடம் வேறு, குடும்பத்தோடு குடிவந்துவிடும். அப்புறம் காபி. பாலும் சர்க்கரையும் கலந்த நம் ஃபில்டர் காபி தண்ணீரைப் போல உலர்ந்து போகாது. கீபோர்டுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக்கூடக் கோடுகளை அரிக்கும். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பது இதற்கு எந்த விதத்திலும் மருந்தாகாது. நீங்கள் வேளச்சேரி என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இந்த மெஷின் நனைந்ததா, ஈரச் சுவர் அலமாரியில் இருந்ததா? அந்த வருடம் பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மெஷினில் ஐஓ சிப்பைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. அது உண்மையாகவே போர்டு கோளாறு. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

அப்படி உண்மையாகவே போர்டு என்றாலும், முழு போர்டும் மாற்ற வேண்டும் என்று இல்லை. ஐஓ சிப்பை மட்டும் மாற்றுகிற, அரித்த கோட்டுக்கு நூல் மாதிரி வயர் இழுக்கிற சிப் லெவல் சர்வீஸ் ஆட்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பக்கத்து மீரான் சாகிப் தெருவிலும் இருக்கிறார்கள். கடைக்காரர் போர்டு என்று சொன்னால், சண்டை வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். நல்ல நிலையில் இருக்கிற வேறு கீபோர்டை இதே போர்டில் சொருகிப் பார்த்தீர்களா? டச்பேட் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்தீர்களா? பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பார்த்தீர்களா? வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், உங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பில் வாங்குங்கள். கீபோர்டுதான் கோளாறு என்று வந்தால், சில மாடல்களில் அது தனியாகக் கழலாது, மேல் மூடியோடு பிளாஸ்டிக் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அப்போது சி பேனல் என்கிற, கீபோர்டு பதிந்த அந்த மேல் பகுதியை முழுதாக மாற்றச் சொல்வார்கள். விலை கூடும், ஆனால் அது ஏமாற்று இல்லை.

மகனின் ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். பேட்டரி உப்பவில்லை என்று உறுதியானால், சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிக் கொடுங்கள், இன்றைக்கே வேலை நடக்கும். இந்த அவசரம்தான் உங்களை 17,500 ரூபாயை நோக்கித் தள்ளுகிறது. கீபோர்டு ஒன்று வந்துவிட்டால் நிதானமாக இரண்டு கடை ஏறி இறங்கலாம். அதோடு, முக்கியமான ஃபைல்களை மவுஸாலேயே இழுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளட்டும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஃபைலுக்காகக்கூட ஆன் செய்ய வேண்டாம். கடையில் பேட்டரியைக் கழற்றிய பிறகு பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜரில் மட்டும் ஓடும், அங்கேயே காப்பி எடுத்துக்கொள்ளலாம். புது பேட்டரி போட்டதும், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி நிறுத்துகிற வசதி உங்கள் கம்பெனியின் மென்பொருளில் இருக்கிறதா என்று பார்த்து ஆன் செய்துவிடுங்கள். எப்போதும் பிளக்கில் இருக்கிற மெஷினுக்கு அது அவசியம். பழைய பேட்டரியைக் கடையிலேயே விட்டு, மின்கழிவுச் சேகரிப்பில் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மாநகராட்சிக் குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மற்ற குப்பையோடு சேர்ந்து நசுங்கும்போது தீப்பிடிக்கும், அந்த வண்டியில் ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள்.